ஆடுகிற பல்லைப் பிடுங்கச் சொல்ல நீங்கள் யார்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பல்லடி எலும்பு திரும்ப வளர வைக்கும் கரையும் சவ்வு பற்றி ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையை ஆசையோடு வாசித்தேன். கடைசியில், வயது போனவர்கள் ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிடுவதே நல்லது என்று எழுதிவிட்டீர்கள். உங்கள் பேப்பரில் வந்தால் சரியாய்த்தான் இருக்கும் என்று நம்புகிற சனம் இது, ஐயா.

எனக்கும் இங்கே ஒரு கிளினிக்கில் அதைத்தான் சொன்னார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லடியில் எலும்பு கரைந்து, முரசு (ஈறு) விலகி, பாண் கடித்தாலே நோகும். எக்ஸ்றேயைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. கண்டியில் பார்த்த வைத்தியர்தான் அந்தச் சவ்வைக் கையுறை விரலில் வைத்துக் காட்டினார். ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. முரசுத் தசை எலும்பைவிட வேகமாக வளர்ந்து பள்ளத்தை மூடிவிடும், அதை மறிக்கிற வேலிதான் இது, சொரசொரப்பான பக்கம் எலும்புக் கலங்கள் பற்றிப் பிடிக்க என்று விளங்கப்படுத்தினார். முந்திய சவ்வுகளை எடுக்கத் திரும்பவும் வெட்டவேண்டும், இது தானே கரைந்துபோகும். எல்லாப் பல்லும் தப்பாதுதான். ஆனால் அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மிஞ்சிய எலும்பு, வயது இல்லை. என் பல் இன்றும் வாயில் இருக்கிறது.

எங்கள் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை 1970 தொடக்கம் 15 வருடம் நோர்வே பல் ஆய்வாளர் ஹரல்ட் லோவின் குழுவினர் பார்த்தார்களே, உங்களுக்குத் தெரியாததா? பல் துலக்கும் வழக்கமே இல்லாதவர்கள், அப்படியிருந்தும் 100க்கு 11 பேருக்கு முரசு நோய் முற்றவில்லை, 8 பேருக்குத்தான் வேகமாக முற்றியது. உலகமே படிக்கிற ஆய்வு, எங்கள் மலையகச் சனத்தின் வாயிலிருந்து வந்தது. அதைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரி கண்டதில்லை.

அதோடு, சவ்வு எதில் செய்தது என்றும் எழுதவில்லை. பன்றி, மாடு இவற்றின் கொலாஜின் என்ற புரதத்தில் செய்ததும் உண்டு, பாலிலக்டிக் அமிலத்தில் செய்த செயற்கைச் சவ்வும் உண்டு. மாடு தொடாத சைவக்காரரும் பன்றி தொடாத முஸ்லிம் மக்களும் இருக்கிற ஊரில் இது தெரியவேண்டாமா? இடமில்லை என்பீர்கள். பக்கத்திலேயே பற்பொடி விளம்பரத்துக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தீர்கள். முந்தியும் இதைப் பற்றி எழுதினேன், அந்தக் கடிதம் வரவேயில்லை.

வரும் ஞாயிறு அந்த வரியைத் திருத்தி, சவ்வு எதில் செய்தது என்று வைத்தியரிடம் கேளுங்கள் என்றும் சேர்த்து, ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
கோண்டாவில் வாசகி