பிணம் எரித்த கதை போதும், பாட்டைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்கப் பாடகர் கிராம் பார்சன்ஸ் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையையும், அதையொட்டி இந்தப் பகுதியில் வெளியான வாசகர் கடிதங்களையும் படித்தேன். 1960களின் கடைசியில் அமெரிக்கக் கிராமப்புற இசையான கன்ட்ரியையும் ராக் இசையையும் ஒன்றாகப் பிசைந்தவர்களில் முக்கியமான ஒருவரைத் தமிழ்ப் பத்திரிகை நினைத்துப் பார்த்ததற்கு நன்றி. நன்றியை இத்துடன் முடித்துக்கொண்டு சண்டைக்கு வருகிறேன்.

கட்டுரையின் முக்கால் பங்கு, அவர் செத்த பிறகு நடந்த கூத்து. கலிபோர்னியப் பாலைவனத்தில் ஜோஷுவா ட்ரீ என்ற ஊர், விடுதியில் 8ஆம் எண் அறை, 1973 செப்டம்பர் 19, மதுவும் மார்பினும், வயது 26. அவருடைய சுற்றுப்பயண மேலாளர் ஃபில் காஃப்மன் இன்னொருவரோடு சேர்ந்து லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்திலிருந்து சவப்பெட்டியைக் கடத்தினார். பாலைவனத்தில் கேப் ராக் என்ற பாறையருகே பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். பிணத்தைத் திருடியதற்குத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லாததால் பெட்டிக்காக அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்தார். எல்லாம் உண்மைதான். இதை வைத்து 2003இல் சினிமாவே எடுத்துவிட்டார்கள். ஆனால் இந்த மனிதர் பாடினார் ஐயா! அதற்குத் தங்கள் கட்டுரையாளர் ஒதுக்கிய இடம் ஒரே ஒரு பத்தி. அதிலும் பாதி அவர் போட்டிருந்த சட்டையைப் பற்றி.

வாழ்க்கை வரலாறு எழுதியவர்களுக்கும் இந்தச் சபலம் உண்டு. அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. புளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டங்களை ஆண்ட குடும்பத்தில் பிறந்த பிள்ளை. 1958 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு தகப்பனார் தற்கொலை செய்துகொள்கிறார். 1965இல் பள்ளிப் பட்டமளிப்பு நாளன்று, குடியால் உடல் கெட்டிருந்த தாயார் சாகிறார். பையன் ஹார்வர்டுக்குப் போய் ஒரு பருவம்கூட உருப்படியாகப் படிக்காமல் திரும்புகிறான். இவ்வளவும் கையில் கிடைத்தால் எந்த எழுத்தாளருக்கும் பேனா தானாக ஓடும். பென் ஃபாங்-டோரஸ் 1991இல் எழுதிய ‘ஹிக்கரி விண்ட்’, டேவிட் மேயர் 2007இல் எழுதிய தடித்த புத்தகமான ‘ட்வென்டி தவுசண்ட் ரோட்ஸ்’ இரண்டையும் என் மருமகன் அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்து கொடுத்தார். மேயருடையது உழைத்து எழுதிய புத்தகம்; பார்சன்ஸின் சோம்பலையும் பணத்திமிரையும் மூடி மறைக்கவில்லை. இருந்தாலும் என் ஓட்டு 2012இல் வந்த பாப் கீலிங்கின் புத்தகத்துக்குத்தான். ஜார்ஜியாவின் வேகிராஸ், புளோரிடாவின் விண்டர் ஹேவன் என்று பையன் வளர்ந்த ஊர்களிலேயே அவர் அதிகம் சுற்றுகிறார். ஒன்பது வயதில் வேகிராஸில் எல்விஸ் பிரெஸ்லியை மேடையில் பார்த்தது, வளர்ப்புத் தந்தை விண்டர் ஹேவனில் பிள்ளைகள் பாட்டுப் பாடுவதற்கென்றே திறந்த டெர்ரி டவுன் கிளப் என்று பாட்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதில் விடை இருக்கிறது. கூடவே ஆடிப்பாடி, பிறகு 1970இல் பார்சன்ஸை ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் குழுவிலிருந்து வெளியேற்றிய கிறிஸ் ஹில்மனும் 2020இல் தன் நினைவுகளை எழுதியிருக்கிறார். அந்தக் கசப்பையும் படிக்க வேண்டும். மாதாமாதம் குடும்பச் சொத்திலிருந்து பணம் வருகிறவனோடு, பாடினால்தான் சோறு என்கிறவன் குழு நடத்திப் பார்த்தால் தெரியும்.

இனி நாகர்கோவில் வாசகரின் கடிதம். கலைஞன் உயிரோடு இருந்தபோது வெளியிடாத மேடைப் பதிவுகளை அவன் செத்த பிறகு வெளியிடுவது வியாபாரப் பேராசை, அவனுக்குச் செய்யும் அவமரியாதை, ஒழுங்காக வந்த இசைத்தட்டுகளே போதும் என்று அவர் எழுதியிருந்தார். இதற்குப் பதில் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இது என் தொழில்.

திருச்சியில் மைக் செட்டும், பக்கத்திலேயே கேசட் பதிவுக் கடையும் வைத்திருந்தவன் நான். பொன்மலை ரயில்வே காலனியின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸின் இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து கேசட்டில் ஏற்றித் தரச் சொல்வார்கள். அவர்களில் ஒருவர் கொண்டுவந்த, பார்சன்ஸோடு பாடிய எமிலூ ஹாரிஸின் தட்டு வழியாகத்தான் நான் பார்சன்ஸிடம் வந்து சேர்ந்தேன். கோவில் கச்சேரிகளுக்கு மைக் கட்டும்போது ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து டேப்பிலும் பதிவு செய்துவைப்பது என் வழக்கம். யாரும் கேட்டதில்லை, யாரும் காசு கொடுத்ததில்லை. எந்த மைக் கிறீச்சிட்டது, எந்தப் பக்கம் தவில் தூக்கலாக இருந்தது என்று மறுநாள் கேட்டுத் திருத்திக்கொள்ளத்தான். பல வருடம் கழித்து, காலமான ஒரு வித்வானின் மகன் தேடிக்கொண்டு வந்தார். தகப்பனாரின் கச்சேரியைப் பிரதி எடுத்துத் தந்தேன். நடுவே பக்கவாத்தியக்காரரைப் பெரியவர் எரிச்சலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அதை வெட்டிவிடுங்கள் என்றார் மகன். அவருடைய பிரதியில் வெட்டினேன். என்னுடைய டேப்பில் வெட்டவில்லை.

சான்பிரான்சிஸ்கோவின் அவலான் பால்ரூமில் 1969 ஏப்ரலில் நடந்ததும் இதே வேலைதான். கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவின் நிகழ்ச்சிக்கு முன்னால் பாட வந்தவர்கள் பார்சன்ஸின் ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ். ஒலியமைப்பைப் பார்த்துக்கொண்டவர் ஓஸ்லி ஸ்டான்லி. எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளைத் தயாரித்துப் பெயர் வாங்கியவர் என்றுதான் உலகம் அவரை அறியும்; எனக்கு அவர் சக மைக் செட்காரர். தன் வேலை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அவர் டேப்பில் எடுத்துவந்தார். அந்த டேப்கள் ஏறக்குறைய நாற்பது வருடம் கிடந்தன. அமீபா இசைத்தட்டுக் கடையை நிறுவியவர்களில் ஒருவரான டேவ் பிரின்ஸ் விடாமல் அலைந்து, ஓஸ்லியைச் சம்மதிக்கவைத்து, 2007இல் இரண்டு தட்டுகளாக வெளியிட்டார். பேராசைக்காரன் இப்படி ஒரு சரக்கைத் தேடி அலைய மாட்டான். அதைவிடச் சுலபமாகச் சம்பாதிக்க ஆயிரம் வழி இருக்கிறது.

அதில் என்ன கேட்கிறது? அவர்களுடைய முதல் இசைத்தட்டு அந்த வருடம் பிப்ரவரியில்தான் வந்திருந்தது. ஹிப்பிகள் நிறைந்த மண்டபம். கிரேட்ஃபுல் டெட்டுக்காகக் காத்திருக்கும் அந்தக் கூட்டத்தின் முன்னால், 22 வயதுப் பையன் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிய ‘ஷி ஒன்ஸ் லிவ்ட் ஹியர்’ என்ற பழைய அழுகைப் பாட்டைக் கொஞ்சமும் கேலி இல்லாமல் பாடுகிறான். குரல் சில இடங்களில் எட்ட வேண்டிய உயரத்தை எட்டாமல் உடைகிறது. உடைந்த இடத்தை மறைக்க அவன் முயலவே இல்லை, அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறான். பக்கத்தில் ஸ்னீக்கி பீட் கிளைனோ என்பவர் பெடல் ஸ்டீல் கிட்டாரை ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெட்டியில் செருகி வாசிக்கிறார். கன்ட்ரி பாட்டில் கண்ணீர் வடிக்கிற வாத்தியம் அது. இவர் கையில் ரம்பம் மாதிரி அறுக்கிறது. இவர் பகல் நேரத்தில் ‘கம்பி’ (Gumby) என்ற களிமண் பொம்மைப் படத்துக்கு அனிமேஷன் செய்தவர் என்பதையும் தங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம். பிணத்தைவிடச் சுவாரசியமான செய்தி இது என்பது என் கட்சி. ஸ்டூடியோத் தட்டில் இந்த ரம்பம் கொஞ்சம் மழுங்கியிருக்கும். மேடை டேப்பில் முனை மழுங்காமல் இருக்கிறது.

நாகர்கோவில் வாசகர் ‘ஒழுங்காக வந்த தட்டுகள்’ என்றாரே, அதையும் பார்த்துவிடுவோம். 1968 ஆகஸ்டில், பார்சன்ஸ் அதற்கு முன் இருந்த பேர்ட்ஸ் குழுவின் ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ’ வந்தது. பார்சன்ஸ் பாடிய சில பாடல்களில் அவர் குரலை எடுத்துவிட்டு, குழுத் தலைவர் ரோஜர் மெக்வின் போன்றவர்களின் குரலை வைத்துத்தான் வெளியிட்டார்கள். முந்தைய குழுவோடு இருந்தபோது இசைத் தயாரிப்பாளர் லீ ஹேசில்வுட்டிடம் போட்ட ஒப்பந்தம் குறுக்கே வந்தது ஒரு காரணம். அந்தக் குரல் ரசிகர்கள் காதுக்கு வந்தது 1990இல், பழைய டேப்களைத் தோண்டி எடுத்துத் தொகுப்பு வெளியிட்ட பிறகு. அவருடைய மிகச் சிறந்த தட்டாகப் பலரும் சொல்லும் ‘கிரீவஸ் ஏஞ்சல்’ வெளியானதே அவர் இறந்து நாலு மாதம் கழித்து, 1974 ஜனவரியில். செத்த பிறகு எதுவும் வரக்கூடாது என்றால் அதையும் சேர்த்துத்தான் ஒதுக்க வேண்டும். வாசகர் அதற்குத் தயாரா?

அந்தத் தட்டிலேயே ஒரு வேடிக்கை உண்டு. ‘வடக்கு கியூபெக்கிலிருந்து நேரடியாக’ என்று போட்டு இரண்டு பாட்டுகள் அடுத்தடுத்து வரும், அதில் ஒன்று ‘ஹிக்கரி விண்ட்’. கூட்டம் கத்துகிறது, கை தட்டுகிறது. கியூபெக்குமில்லை, கூட்டமுமில்லை. ஸ்டூடியோவில் பாடி, கூச்சலை மேலே ஒட்டியது. மைக் கட்டிய காதுக்கு உடனே தெரிந்துவிடும்: மண்டபத்தில் எழுகிற சத்தம் பாடுகிறவன் மைக்கிலும் லேசாகக் கசிந்து கலந்திருக்கும், இங்கே பாட்டு தனியாக நிற்கிறது, கூட்டம் தனியாக நிற்கிறது. ஆக, அவர் இருந்தபோது தயாரான ‘நேரடி’ போலி, அவர் போன பிறகு வந்த நேரடிதான் அசல். நல்ல கூத்து!

அசல் எது என்று கேட்பவர்களுக்கு 1973 மார்ச் 13ஆம் தேதிப் பதிவைச் சொல்வேன். நியூயார்க் மாநிலத்தின் ஹெம்ப்ஸ்டெட்டில், அல்ட்ராசோனிக் ஸ்டூடியோவில் சிறு கூட்டத்தை உட்காரவைத்து, டபிள்யூ.எல்.ஐ.ஆர். வானொலிக்காக எடுத்தது. நம் வானொலிகளில் அழைக்கப்பட்ட ரசிகர்கள் முன்னால் கச்சேரி வைப்பார்களே, அந்த மாதிரி. 1982இல்தான் தட்டாக வந்தது. அப்போது பார்சன்ஸோடு வாசித்த குழுவின் பெயர் ஃபாலன் ஏஞ்சல்ஸ். பயணத்தின் ஆரம்பத்தில் கொலராடோவின் போல்டரில் இவர்கள் பாடிய லட்சணத்தைப் பார்த்து கிளப்காரர் வெளியே அனுப்பிவிட்டார். ஒத்திகையில் ஏகப்பட்ட பாட்டுகள் பாடியவர்கள், எந்தப் பாட்டை எப்படி ஆரம்பிப்பது, எப்படி முடிப்பது என்று பேசிக்கொள்ளவே இல்லையாம். ஜாக் பார்ட்லி என்ற இளைஞரைக் கிட்டாருக்குப் பிடித்துப்போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஊர் ஊராகப் போனார்கள்.

ஹெம்ப்ஸ்டெட் பதிவில் ‘லவ் ஹர்ட்ஸ்’ வரும்போது அந்தக் குளறுபடியின் சுவடே இல்லை. எவர்லி சகோதரர்கள் பாடிய பாட்டு. பார்சன்ஸ் மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் கீழே வைக்க மனமில்லாதவர் போல இழுக்கிறார். எமிலூ ஹாரிஸ் மேலே நின்று கூடவே வருகிறார். அப்போது எமிலூவை வெளியுலகம் அவ்வளவாக அறியாது. வாஷிங்டன் பக்கத்துக் கிளப்களில் பாடிக்கொண்டிருந்தவர். பார்சன்ஸ் ஒரு வரியை எவ்வளவு நேரம் நிறுத்துவார் என்பது அவருக்கே தெரியாத நிலையில், அவரைப் பார்த்துக்கொண்டே எமிலூ வரியை முடித்திருக்கிறார் என்பது என் ஊகம். ஸ்டூடியோவில் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பாடலாம். இங்கே ஒரே முறைதான். இருவரும் சேர்ந்து சறுக்காமல் கரை ஏறுவதைக் கேட்டால், இந்த இருவரைப் பற்றிப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் செய்யும் ஆராய்ச்சியெல்லாம் தேவையா என்று தோன்றும். அதே வாரம் மார்ச் 16 அன்று பிலடெல்பியாவின் பிஜு கஃபேயில் பாடியதும் 2023இல் வெளிவந்துவிட்டது. அதையும் வெளியிட்டது அமீபாதான். அது ஹெம்ப்ஸ்டெட் அளவுக்குச் சுத்தமான பதிவு அல்ல. முதலில் அதைக் கேட்காதீர்கள்.

நாகர்கோவில் வாசகர் சொன்னதில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கிடைத்த ஒவ்வொரு டேப்பையும் ‘அரிய பொக்கிஷம்’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். யார் பதிவு செய்தது, எந்த ஊர், எந்தத் தேதி, யார் யார் வாசித்தது என்று அட்டையில் போடாத பதிவை நான் வாங்குவதில்லை; அவரும் வாங்க வேண்டாம். அவலான் தட்டில் இதெல்லாம் இருக்கிறது.

இன்னொரு வாசகர், கன்ட்ரி-ராக்கைக் கண்டுபிடித்தவரே பார்சன்ஸ்தான் என்று எழுதியிருந்தார். அது அதிகப்படி. ஜீன் கிளார்க்கும் டக் டில்லார்டும் 1968இலேயே இதைச் செய்துகொண்டிருந்தார்கள். பார்சன்ஸுக்கு அந்தப் பட்டம் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. அந்த வருடம் மார்ச்சில் பேர்ட்ஸோடு கன்ட்ரி இசையின் கோவில் போன்ற நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையில் ஏறி, அறிவித்திருந்த மெர்ல் ஹாகார்ட் பாட்டை விட்டுவிட்டு, பாட்டியின் பெயரைச் சொல்லித் தன் ‘ஹிக்கரி விண்ட்’டைப் பாடிய துணிச்சல் ஒன்றே போதும்.

கடைசியாகத் தங்கள் கட்டுரைக்கு ஒரு திருத்தம். படத்தில் அவர் போட்டிருக்கும் வெள்ளை உடையை ‘மேடைக்காக வாடகைக்கு எடுத்த கௌபாய் உடை’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அது வாடகை உடை அல்ல. ஹாலிவுட் பக்கத்தில் கன்ட்ரி பாடகர்களுக்கு உடை தைத்த நூடி கடையில் அவருக்கென்றே தைத்தது; வடிவமைத்தவர் மானுவல் குவேவாஸ். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மேலே கஞ்சா இலை, கசகசாப் பூ, மாத்திரைகள், கால்சட்டையில் தீச்சுவாலை. தையல்காரரின் பெயரையாவது அடுத்த இதழில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மைக் செட்காரர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி