செம்மறிக்கு வெள்ளாட்டுக் கணக்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் செம்மறி வளர்க்கத் தொடங்குவோர் பலர் வெள்ளாடு வளர்த்துப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே செம்மறியிடம் காட்டினால் நட்டம்தான். முக்கியமாகச் செம்பு விடயத்தில்.

மாடும் வெள்ளாடும் தாங்கும் அளவு செம்பைச் செம்மறி தாங்காது. அது வாரக்கணக்கில் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் மொத்தமாக இரத்தத்தில் இறங்கியதும் கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், ஓரிரு நாளில் ஆடு போய்விடும். அந்த நிலையில் வைத்தியர் வந்தும் காப்பாற்றுவது அரிது. தேயிலையின் கொப்புள நோய்க்கு மழைக்காலத்தில் அடிக்கும் மருந்துகளில் பல, செம்பு கலந்தவை. ஆகவே மருந்தடித்த தேயிலை மலையில் அறுத்த புல் செம்மறிக்கு வேண்டாம். மாட்டுக்கு வாங்கிய தாதுக் கலவை, கோழித்தீன், பன்றித்தீன் ஆகியவற்றிலும் இதே ஆபத்து உண்டு. குளம்பு அழுகலுக்கு மயில்துத்தம் கரைத்து வைப்பதும் கூடாது, அதுவும் செம்பு உப்புத்தான். ஆடு அதைக் குடித்துவிடும். 10 லீற்றர் தண்ணீரில் 1 கிலோ நாக (சிங்க்) சல்பேற்று கரைத்து, அதில் 10 நிமிடம் நிறுத்தி, பிறகு காய்ந்த தரையில் விடுங்கள்.

குளிரைவிட ஈரமே இங்கே பெரிய பகை. கொட்டிலின் தரையை 3 அடியாவது உயர்த்திப் பலகைச் சட்டம் அடியுங்கள். இடைவெளி அரை அங்குலம் இருக்கட்டும்: கூடினால் கால் சிக்கும், குறைந்தால் புழுக்கை விழாது. பெட்டை ஒன்றுக்கு 10 முதல் 12 சதுர அடி வேண்டும். இரவில் கதவைப் பூட்டுங்கள், தெருநாய் மட்டுமல்ல, சிறுத்தையும் வரும்.

குடற்புழுவின் குஞ்சுகள் ஈரப்புல்லில் ஏறி நிற்கும் என்பதால் பனி காயுமுன் மேய விடக்கூடாது. கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்து, தாடைக்கடியிலும் நீர் கோத்திருந்தால் இரத்தம் உறிஞ்சும் புழு முற்றிவிட்டது. புழு மருந்தைக் கண் மதிப்பில் குறைத்து ஊற்றினால் தப்பிய புழுக்கள் அந்த மருந்துக்கே பழகிவிடும். ஆட்டைச் சாக்கில் தூக்கிக் கொழுந்துத் தராசில் நிறுத்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?

30 கிலோ பெட்டைக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 கிலோ பசும்புல் வேண்டும். குவாத்தமாலாப் புல் வயிற்றை நிரப்பும், ஆனால் புரதம் குறைவு. வாடிய கிளிரிசீடியா இலையைக் கூடச் சேருங்கள். நாயுண்ணிச் செடி நஞ்சு.

நான்கைந்து பெட்டையோடு தொடங்குவோர் தனியாகக் கிடா வாங்க வேண்டியதில்லை. ஒரு கிடா 20 பெட்டைக்குப் போதும், அயலவரோடு பங்கு போடலாம். தன் குட்டிகளோடு அது சேராதபடி இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றிவிடுங்கள். வெளியிலிருந்து வந்த ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். சினைக்காலம் 5 மாதம். ஹட்டன் பக்கத்தில் டிசம்பர் முதல் மார்ச் வரை கிடாவைப் பிரித்து வைத்தால் கடும் மழையில் குட்டி விழாது. பதுளைப் பக்கம் மழை பிந்தி வருவதால் அங்கே கணக்கு வேறு.

தோட்ட நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள்: எந்த மலைக்கு எப்போது மருந்தடிக்கப் போகிறீர்கள் என்பதை முதல்நாளே, தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
செம்மறி வளர்ப்போர் சிலர்,
பண்டாரவளை