எந்தக் காற்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்

மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும்

மதிப்புக்குரிய அதிகாரிகளே,

2022 டிசம்பர் 8, வியாழக்கிழமை. விடிந்து ஏழு மணியாகியும் எங்கள் ஒழுங்கை முடிவில் நிற்கிற பனைகள் தெரியவில்லை. பனிப்புகார் மூடியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். கடலுக்குப் போகாமல் படலையடியில் நின்ற அயல்வீட்டு அண்ணர் தலையாட்டினார். “உது புகாரில்லை மாஸ்டர். புகாரெண்டால் முகத்தில ஈரம் படும். உது தொண்டையில கரகரக்குது. வாடைக்காத்தோட வந்தது.” உள்ளே என் மனைவி இரண்டாந்தரம் இன்ஹேலரைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குத் தொய்வு வருத்தம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை நாடு முழுக்கப் பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டார்கள். தூசு எல்லை தாண்டி வந்தது என்றும், வங்கக்கடலில் நின்ற மாண்டஸ் புயலே அதை இழுத்து வந்தது என்றும் விளக்கம் வந்தது. அந்த விளக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். அதற்கு மேற்கே கிடக்கிற ஊர்களுக்கு வடக்கிலிருந்து காற்று இறங்கும். அன்று இறங்கிய காற்று குளிரையும் கொண்டுவந்தது. அந்தக் கிழமைதான் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் குளிரில் விறைத்துச் செத்தன.

புயல் இல்லாத வருடத்திலும் இந்தப் பாதை திறந்துதான் இருக்கிறது. மாரிகாலத்தில் கங்கைச் சமவெளியின் செங்கற்சூளை, நிலக்கரி மின்நிலையம், அடுப்பு, வாகனம் எல்லாவற்றின் புகையும் இமயமலைச் சுவருக்குக் கீழே தேங்கும். தேங்கினது மெல்லக் கிழக்கே நகர்ந்து வங்கக்கடலில் கலக்கும். வடகீழ்ப் பருவக்காற்று அதை எங்கள் பக்கம் தள்ளிவிடும். 1999இல் வீரபத்ரன் இராமநாதனும் பால் குருட்சனும் முன்னின்று நடத்திய இந்து சமுத்திர ஆய்வில், மாலைதீவின் காஷிதூ என்கிற சின்னத் தீவில் கருவி வைத்து அளந்தார்கள். தொழிற்சாலை என்று சொல்ல ஒன்றுமில்லாத அந்தத் தீவிலேயே புகைமண்டலம் பிடிபட்டது. அதற்கு ஒரு வருடம் முன்பே, 1998இல், மாலே பிரகடனத்தில் இலங்கை உட்பட எட்டு நாடுகள் எல்லை தாண்டும் காற்று மாசைப் பற்றி ஒப்புக்கொண்டிருந்தன. ஆகவே 2022இல் யாரும் திடுக்கிட்டிருக்கத் தேவையில்லை.

என் முறைப்பாடு ‘வெளியிலிருந்து வந்தது’ என்ற சொல்லோடு கதை முடிந்துவிடுவதில்தான். வந்தது எவ்வளவு, எங்களுடையது எவ்வளவு? இதைப் பிரித்துப் பார்க்கப் பெரிய வித்தையொன்றும் வேண்டாம். 10 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பருமனுள்ள தெருப்புழுதி சில மணித்தியாலத்தில் அயலிலேயே படிந்துவிடும். 2.5 மைக்ரோனுக்குக் குறைந்த நுண்துகள்தான் நாட்கணக்கில் மிதந்து கடல் தாண்டும். யாழ்ப்பாணம், வவுனியா, குருநாகல், கொழும்பு என்று எல்லா இடத்திலும் நுண்துகள் ஒரேயடியாக ஏறினால் அது வந்த சரக்கு. ஒரே நகரத்தில், காலையில் பள்ளிக்கூடமும் கந்தோரும் தொடங்குகிற நேரத்தில் ஏறி, மத்தியானம் இறங்கி, பின்னேரம் திரும்ப ஏறினால் அது எங்கள் பஸ்ஸும் லொறியும் குப்பை எரிப்பும். சோழகம் என்கிற தென்மேல் காற்று வீசுகிற மாதங்களில் சமுத்திரத்தைக் கடந்து சுத்தமான காற்று வரும்போதுகூடக் கொழும்பில் மிஞ்சி நிற்கிற அளவு எவ்வளவோ, அது முழுக்க எங்கள் கணக்கு. அதை எந்த நாட்டின் தலையிலும் போட முடியாது.

எனவே நாளாந்தக் காற்றுத்தர அறிக்கையில் நிறத்தையும் ஒற்றை எண்ணையும் மட்டும் போடாதீர்கள். இரண்டு அளவுத் துகளையும் தனித்தனியாகப் போட்டு, பக்கத்தில் காற்றுத் திசையையும் போடுங்கள். வடக்கு, வடகிழக்கு என்று எழுதினால் போதும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று எழுதினால் எங்கள் கரையோரச் சனத்துக்கு இன்னும் விளங்கும். (வானொலி வானிலை அறிக்கையைவிட அண்ணரின் வாய்க்கணக்கை நான் நம்புவதற்கு இந்தப் பெயர்களும் ஒரு காரணம்.) எந்த அளவுகோலால் நிறம் பூசுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். எங்கள் 2008ஆம் ஆண்டு வர்த்தமானி நுண்துகளுக்கு 24 மணித்தியாலத்தில் ஒரு கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராம் வரை விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த எல்லை 15. இடையில் 40 என்று ஒரு நாள் வந்தால் அது நல்ல நாளா, கெட்ட நாளா? தொய்வுக்காரர் இருக்கிற வீட்டுக்கு இது பரீட்சைக் கேள்வி இல்லை.

அடுத்தது முன்னறிவிப்பு. புயல் எங்கே நிற்கும், காற்று எப்போது திரும்பும் என்பதை வானிலை அவதான நிலையம் இரண்டு மூன்று நாள் முந்தியே சொல்லிவிடுகிறது. காற்றின் வழி தெரிந்தால் தூசின் வழியும் ஓரளவு தெரியும். பிள்ளைகள் ஒரு நாள் முழுக்கச் சுவாசித்த பிறகு பாடசாலையைப் பூட்டுவதைவிட, முந்தின நாளே ‘நாளைக்கு வாடை கனக்கும், குப்பை கொளுத்தாதேயுங்கோ’ என்று பிரதேச சபைக்கு ஒரு வரி அனுப்பலாம்.

கடைசியாக ஒன்று. தை, மாசியில்தான் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டி. விடியக்காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளை மைதானத்தில் ஓட விடுகிறோம். நானும் விசில் ஊதி ஓடவிட்டவன்தான். நிலம் குளிர்ந்து கிடக்கிற அந்த நேரத்தில் மேலே சூடான காற்று மூடிபோல நிற்கும், தூசு எழும்ப வழியில்லாமல் பிள்ளையின் மூக்கு மட்டத்திலேயே கிடக்கும். வெயில் ஏறி நிலம் சுட்ட பிறகுதான் அது கலைந்து மேலே போகும். வரப்போகிற தைக்கு முன் கல்வித் திணைக்களத்தோடு இருந்து பேசி, வாடை கனத்த நாட்களில் பயிற்சியை ஒன்பது மணிக்குத் தள்ளச் சொல்லி ஒரு சுற்றறிக்கை எடுத்துத் தாருங்கள். தமிழிலும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வடமராட்சிக் கரையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்