கொள்ளிடக் கரை இரவு ரோந்துக்கு ஒற்றை ஆளை அனுப்ப வேண்டாம்: மூன்றாவது மனு

அனுப்புநர்:
தலைமைக் காவலர் ஒருவரின் மனைவி
(பெயர், முகவரி, அவருடைய காவலர் எண் தனித்தாளில்)

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்

பொருள்: கொள்ளிடக் கரை இரவு ரோந்துக்கு இரண்டு காவலர்களை அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஆவணி மாதம் புதன்கிழமை மனு நாளில் நேரில் கொடுத்தது. 2. ஐப்பசியில் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பியது (சேர்ந்ததற்கான அத்தாட்சி என்னிடம் உள்ளது).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட இரண்டு மனுக்களுக்கும் இதுவரை பதில் இல்லை. பணியில் இருக்கும் காவலர் இப்படி வெளிப்படையாக எழுதினால் என்ன ஆகும் என்று தங்களுக்குத் தெரியும். சங்கம் வைத்துக் கேட்கவும் தங்கள் துறையில் வழியில்லை. அதனால் நான் எழுதுகிறேன். எழுதுவது அவருக்குத் தெரியாது.

1. அணைக்கரைக்கு மேற்கே உள்ள கரை ரோடு தாங்கள் அறிந்ததுதான். ஒரு பக்கம் படுகை, மறு பக்கம் வாழைக்கொல்லை. நாணல் ஆள் உயரத்துக்கு நிற்கும். செல்போனில் டவர் கிடைக்காது.

2. போன வைகாசியில், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்பு, இது நடந்தது. திருட்டு மணல் அள்ளுகிறவர்களுக்குக் குறுவையும் சம்பாவும் அந்த மாதம்தான். இரவு இரண்டு மணிக்குப் படுகையிலிருந்து ஏறிய டிராக்டரை என் கணவர் தனியாக மறித்திருக்கிறார். மூன்று பேர் இறங்கி ஜாக்கி லிவரால் அடித்ததில் இடது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்தன. வாக்கிடாக்கியைப் பிடுங்கித் தண்ணீர்க் குட்டையில் எறிந்துவிட்டுப் போய்விட்டார்கள். நாலரை மணிக்கு வந்த பால் வண்டிக்காரர்தான் அவரைத் தூக்கி ஏற்றினார். இரண்டரை மணி நேரம் ஐயா. கூட ஒருவர் இருந்திருந்தால் இவர் அவ்வளவு நேரம் ரோட்டில் கிடந்திருக்க மாட்டார்.

3. வழக்கு பாரதிய நியாய சன்ஹிதா 132-ஆம் பிரிவில் (அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்குவது) மட்டும் போடப்பட்டுள்ளது. அதற்கு அதிகபட்சம் இரண்டு வருடம். எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம், 121(2) சேர்க்க வேண்டும், அதற்குப் பத்து வருடம் வரை உண்டு என்று வக்கீல் சொல்கிறார். ஜாமீனில் வந்தவர்களில் ஒருவர் டீக்கடையில் என் கணவரைப் பார்த்து, "கை எப்படி இருக்கு ஏட்டையா?" என்று கேட்டாராம்.

4. பணியில் அடிபட்டவருக்கு அடிப்படை விதி 83-ன் கீழ் சிறப்பு விடுப்பு உண்டு. அதைச் சொந்த விடுப்புக் கணக்கில் கழிக்கக்கூடாது. கழித்திருக்கிறார்கள். இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது அடுத்தது.

5. நாலு மாதம் கழித்து டியூட்டியில் சேர்ந்தார். சேர்ந்த வாரமே அதே கரை, அதே இரவு, அதே ஒற்றை ஆள். முறிந்த எலும்பைச் சேர்க்கக் கையில் பிளேட் வைத்திருக்கிறார்கள். கிளட்ச் பிடிக்க விரல் முழுதாக மடங்குவதில்லை. யூனிஃபார்ம் பட்டனைச் சின்னவள்தான் போட்டுவிடுகிறாள். போடும்போது, "இன்னிக்கும் கரைக்கா அப்பா?" என்று கேட்பாள். அவர் பெல்ட்டைச் சரிசெய்வது போலக் குனிந்துகொள்வார்.

இது தை மாதம் ஐயா. எங்கள் ஊரில் ராத்திரி முழுக்க அறுப்பு மெஷின் ஓடும், கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிக்கொண்டு டிராக்டர் வரிசையாகப் போகும். ஓய்வாகப் படுத்திருக்கும் நாளிலும் ஒவ்வொரு டிராக்டர் சத்தத்துக்கும் எழுந்து உட்காருகிறார். நெல் வண்டி, படுங்கள் என்பேன். படுப்பார், அடுத்தது வரும். இந்த மனிதரைத்தான் அந்தக் கரைக்குத் தனியாக அனுப்புகிறீர்கள். ஒரே ஒரு ஆள் கூட வேண்டும் என்பது அவ்வளவு பெரிய கேள்வியா?

6. ஸ்டேஷனில் ஆள் இல்லை என்பார்கள். ஏன் இல்லை? அவர் அடிபட்ட பிறகு ஒருவர் ஆயுதப்படைக்கே திரும்பக் கேட்டுப் போய்விட்டார். ஒருவர் மெடிக்கல் லீவில் இருக்கிறார். புதிதாக வந்த பையன், ரோந்து வந்ததற்கான பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டார்ச் அடிக்காமல் திரும்பிவிடுவதாக எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே சொன்னான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கும் அம்மா இருக்கிறாள். இவர்கள் போகாத இரவுகள் எல்லாம் மீதி ஆட்கள் தலையில் விழுகின்றன. 2021-ல் அரசு கொடுத்த வார ஓய்வும் தேர்த் திருவிழா, தலைவர் வருகை என்று ஏதாவது ஒரு பந்தோபஸ்தில் போய்விடுகிறது. தூங்காத ஆள், பயந்த ஆள், கை மடங்காத ஆள். மணல் வண்டிக்காரனுக்கு இது தெரியாமலா இருக்கும்?

7. 2021 நவம்பரில் ஆடு திருடர்களை விரட்டிப் போன நவல்பட்டு சிறப்பு சார்பு ஆய்வாளர், தனியாக மாட்டிக்கொண்டதால்தான் வெட்டுப்பட்டு இறந்தார். 2023 ஏப்ரலில் மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை முறப்பநாட்டில் அவர் அலுவலகத்திலேயே வெட்டினார்கள். நவல்பட்டுக் குடும்பத்துக்கு முதல்வர் ஒரு கோடி அறிவித்தார். அக்டோபர் 21 வீரவணக்க நாளில் குண்டு முழங்க மலர் வளையம் வைக்கிறீர்கள், நானும் ஒருமுறை வந்து நின்றிருக்கிறேன். எங்களுக்குக் கோடியும் வேண்டாம், மலர் வளையமும் வேண்டாம். பைக்கில் பின்னால் உட்கார ஒரு ஆள் கொடுங்கள்.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஆகவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து, கரை ரோந்துக்கு இரவில் இருவருக்குக் குறையாமல் அனுப்பவும், கை சரியாகும் வரை என் கணவருக்கு ஸ்டேஷனுக்குள் பாராவோ (வாசல் காவல்) எழுத்து வேலையோ கொடுக்கவும், வழக்கில் 121(2) சேர்க்கவும் உத்தரவிடும்படி மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மூன்றும் முடியாது என்றால் முதலாவதையாவது செய்யுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை இரவு அவர் பெயர்தான் போட்டிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல், எக்ஸ்ரே நகல், முதல் தகவல் அறிக்கை நகல்.

பி.கு.: பதிலை ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டாம். தனித்தாளில் உள்ள என் அண்ணன் வீட்டு முகவரிக்கு அனுப்பவும்.