லட்லோவுக்குச் சந்தை நாளில் போ

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கார்டிஃபை விட்டு ஒரு நாளாவது வெளியே போய்வர வேண்டும் என்று நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து, நாங்கள் அண்மையில் பார்த்துவந்த, இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் வட்டாரத்தில் உள்ள லட்லோ ஊரைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்றே இருந்தேன். உங்கள் ஊரிலிருந்து ஹெரிஃபோர்டு வழியாக நேர் ரயில் இருக்கிறது. ஆனால் சந்தை கூடும் திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நாள்களில் ஒன்றாகப் பார்த்துப் போ; வயிற்றையும் காலியாக வைத்துக்கொண்டு போ.

வேல்ஸ் எல்லையைக் காப்பதற்காக 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் டி லேசி என்ற நார்மன் பிரபுக் குடும்பத்தார் கட்டத் தொடங்கிய கோட்டையின் வாசலிலேயே சந்தைத் திடல் விரிகிறது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அண்ணன் ஆர்தர், மணமான சில மாதங்களிலேயே, 1502இல் பதினைந்து வயதில் இறந்தது இந்தக் கோட்டையில்தான். ஆயினும் என் மனத்தில் நின்றது சந்தைதான். ஒரு காலத்தில் கோட்டை வாசலிலிருந்து ஊரின் மறுகோடி வரை ஒரே அகன்ற வீதியாக இருந்த இடத்தில், வியாபாரிகள் போட்ட தற்காலிகக் கடைகள் நாளடைவில் நிலையான வீடுகளாகிவிட, அவற்றுக்கு நடுவே இப்போது நாம் நடக்கும் குறுகிய சந்துகள் உண்டாயின. திடலின் நடுவே நின்ற விக்டோரியா காலத்து நகர மன்றக் கட்டடத்தை 1986இல் இடித்த பிறகு, வெயிலும் கூட்டமும் மீண்டும் அங்கே தாராளமாக வந்துசேர்கின்றன.

பாலாடைக்கட்டிக் கடையில் சற்று நில். ஷ்ராப்ஷயர் புளூ என்ற பாலாடைக்கட்டி, மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறத்தில், நீலப் பூஞ்சை இழையோட இருக்கும். கையில் எடுத்தால் விளிம்பு பொடிந்து உதிரும். நாக்கில் முதலில் வெண்ணெய்போல் கரைந்து, பிறகுதான் உப்பும் காரமும் தெரியும். பெயரில் ஷ்ராப்ஷயர் இருந்தாலும் அது 1970களில் ஸ்காட்லாந்தின் இன்வெர்னெஸில் பிறந்தது. கறி சாப்பிடாத அம்மாவுக்கு அதுவும் புளித்த மாவு ரொட்டியும் சூடான காய்கறி சூப்புமே நல்ல மதியச் சாப்பாடாக அமைந்தன. நானோ பன்றிக்கறியும் ஆப்பிளும் வெங்காயமும் மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘ஃபிட்ஜெட் பை’ (pie) என்ற பண்டத்தை விரும்பிச் சாப்பிட்டேன். ஆப்பிளின் புளிப்பு கறியின் கொழுப்பைத் தணிக்கும் விதத்தை மாப்பிள்ளை கட்டாயம் ரசிப்பார்.

ஏறத்தாழ 10,000 பேர் மட்டுமே வாழும் இந்த ஊரில், 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் சிறந்த சமையலுக்கான மிஷ்லின் வழிகாட்டி நூலின் நட்சத்திரம் பெற்ற உணவகங்கள் மூன்று இருந்தன. அவற்றுள் ஒன்றான ஹிபிஸ்கஸ் 2007இல் லண்டனுக்குப் பெயர்ந்தது. மற்ற இரண்டும் மூடப்பட்டுவிட்டன. அதனால் ஊரின் சாப்பாட்டுப் பெருமை போய்விட்டது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்தச் சமையற்காரர்களை இங்கே இழுத்துவந்ததே, சுற்றியுள்ள பண்ணைகளின் இறைச்சியும் பழமும் பாலும் நடந்து எட்டும் தொலைவில் கிடைத்ததுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பண்ணைகள் எங்கும் போய்விடவில்லை.

சாப்பிட்டபின் 1746இல் கட்டிய பட்டர்கிராஸ் என்ற பழைய சந்தைக் கட்டடத்திலிருந்து பிராட் வீதி வழியாக இறங்கி, பழைய மதில்வாயிலைக் கடந்து, டீம் ஆற்றின் பாலம் வரை நடந்துவாருங்கள். திரும்பும் வழி ஏற்றம் என்பதால் நல்ல காலணி அணிந்துகொள். 1619இல் எழுந்த ஃபெதர்ஸ் கட்டடத்தின் மரச் செதுக்கல் முகப்பையும் பார்க்காமல் வந்துவிடாதே.

1995இல் தொடங்கிய உணவுத் திருவிழா செப்டம்பரில் கோட்டைக்குள்ளேயே நடக்கும். அதற்கு நால்வரும் சேர்ந்து போகலாம் என்று அம்மா ஆசைப்படுகிறாள். உங்களுக்கு விடுமுறை கிடைக்குமா என்று இருவரும் பேசி எழுது. நுழைவுச்சீட்டை நான் வாங்கிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா