லூசியைப் பற்றி அத்தைக்கு

பஃபலோ, நியூயார்க்
ஜனவரி மாதம்

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் மாமாவும் சுகமா? சம்பா அறுவடைக்கு மெஷின் கிடைத்துவிட்டதா, கொள்முதல் நிலையத்தில் மூட்டையைப் போட்டாயிற்றா என்று எழுதுங்கள். இங்கே ஈரி ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தால் போதும், பனி கொட்டித் தீர்த்துவிடுகிறது.

"அவர் வேலைக்குப் போனதும் பகலெல்லாம் தனியாக என்னடி செய்கிறாய்?" என்று கேட்டீர்களே, அது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். போலந்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட குடும்பம். மதியச் சாப்பாடு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, 'ஐ லவ் லூசி' என்ற பழைய கறுப்பு வெள்ளைத் தொடரைப் போடுவார். 1951இல் ஆரம்பித்து 1957 வரை டிவியில் வந்தது. பாட்டிக்கு ஒவ்வொரு கதையும் மனப்பாடம், ஆனாலும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். இப்போது எனக்கும் அந்த லூசிப் பைத்தியம் பிடித்துவிட்டது.

லூசி சரியான வாலு. அவள் கணவன் ரிக்கி, கியூபாவிலிருந்து வந்தவன், நியூயார்க்கில் ஓர் இரவு விடுதியில் பாடி இசைக்குழு நடத்துகிறான். அந்த மேடையில் தானும் ஏற வேண்டும் என்பது லூசியின் ஆசை. நீ வீட்டைப் பார்த்துக்கொள் என்கிறான் அவன். அவள் விடுவாளா? வேஷம் போடுவாள், பொய் சொல்வாள், தோழி எத்தலையும் கூட்டுச் சேர்த்துக்கொள்வாள், கடைசியில் வசமாக மாட்டுவாள். சரி, இத்தோடு திருந்தினாள் என்று பார்த்தால் அடுத்த வாரமும் அதே ஆசை, அதே துடிப்பு. வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அவளை ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று உங்களுக்குப் புரியும், அத்தை. அவள் எத்தனை தடவை தோற்றாலும் அந்த ஆசை மட்டும் கொஞ்சமும் குறைவதில்லை. இத்தனை வருஷம் கழித்தும் ஜனங்கள் அவளை விடாமல் பார்ப்பது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு கதையில் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், ஆண்கள் வீட்டைப் பார்க்கிறார்கள். சாக்லேட் தொழிற்சாலையில் ஓடும் பட்டையில் வருகிற சாக்லேட்டைக் காகிதத்தில் சுற்றி வைக்க வேண்டும், ஒன்று தப்பினாலும் வேலை போய்விடும். பட்டை வேகமெடுக்க, லூசியும் எத்தலும் சாக்லேட்டை வாயில் அடைத்து, தொப்பிக்குள் திணித்து, சட்டைக்குள் போட்டு ஒளிக்கிறார்கள். அங்கே வீட்டில் ரிக்கி அளவு தெரியாமல் அரிசியை உலையில் போட்டுவிட்டு நிற்கிறான், சோறு பொங்கி அடுப்படியெல்லாம் வழிகிறது. அந்த இடத்தில் நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

1956இல் வந்த இன்னொன்று. இத்தாலியில் சினிமா வாய்ப்புக்காக அந்த ஊர்ப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளத் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறாள். பெரிய தொட்டியில் இறங்கித் திராட்சையை மிதிக்க வேண்டும். முதலில் அருவருப்பு, அப்புறம் குஷி, அப்புறம் களைப்பு, கடைசியில் கூட மிதிக்கிற பெண்ணோடு தொட்டிக்குள்ளேயே கட்டிப்புரண்டு சண்டை. நடவுக்கு முன்னால் வயலில் தழை மிதித்த கதை சொல்வீர்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. மேலெல்லாம் சாயம் ஏறி நிற்கிறாள், அந்த சினிமா வேஷம் எத்தலுக்குப் போய்விடுகிறது!

லூசியாக நடித்தவர் லூசில் பால். ரிக்கியாக நடித்த டெசி ஆர்னாஸ் நிஜத்திலும் அவர் கணவர், நிஜத்திலும் கியூபாக்காரர். கலவரத்தில் வீடு வாசலை விட்டு, சின்ன வயதில் மயாமிக்கு வந்து, பறவைக் கூண்டு கழுவிப் பிழைத்தவர். இப்படி உச்சரிப்போடு இங்கிலீஷ் பேசுகிறவரை அமெரிக்கப் பெண்ணுக்குக் கணவனாக ஜனங்கள் ஏற்பார்களா என்று டிவிக்காரர்கள் தயங்கியிருக்கிறார்கள். ஜனங்கள் ஏற்பார்கள் என்று நிரூபிக்க இருவரும் 1950இல் ஊர் ஊராகப் போய் மேடையில் சேர்ந்து நடித்துக் காட்டினார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. கடையில் நான் பேசுவதைத் திரும்பச் சொல்லச் சொல்கிறவர்கள் உண்டு. லூசியும் ரிக்கியின் பேச்சைக் கிண்டல் செய்வாள், ஆனால் அது வீட்டுக்காரி செய்கிற கிண்டல், அதில் பிரியம் தெரியும்.

பிடிக்காததும் உண்டு. சில கதைகளில் ரிக்கி அவளைக் குழந்தை மாதிரி மடியில் போட்டு அடிப்பான். அந்த இடம் வந்தால் பாட்டியும் சிரிப்பதில்லை.

அந்தக் காலத்தில் பல நிகழ்ச்சிகளை நேரடியாக ஒளிபரப்புவார்களாம், மங்கலான பிரதிதான் மிஞ்சும். இவர்களோ எதிரே ஜனங்களை உட்காரவைத்து, மூன்று கேமராவில் சினிமா பிலிமிலேயே எடுத்தார்கள். அதனால் இன்றைக்கும் துல்லியமாக இருக்கிறது, நாம் கேட்பதும் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் சிரிப்புதான். லூசிக்குக் குழந்தை பிறக்கிற கதை 1953 ஜனவரி 19 அன்று வந்தது. நிஜத்தில் லூசில் பாலுக்கும் அதே நாளில் பிள்ளை பிறந்தது! சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் அன்று பார்த்தார்களாம். மறுநாள் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைக்கூட அவ்வளவு பேர் பார்க்கவில்லை.

நம் மன்னார்குடியில் பிறந்த மனோரமா ஆச்சி திரையில் வந்தாலே அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவீர்களே, லூசியையும் அப்படித்தான் பார்ப்பீர்கள். ஆச்சி மாதிரியே இவரும் தன் அழகைப் பற்றி யோசிக்காமல் முகத்தைக் கோணி, பல்லைக் காட்டி, கீழே விழுந்து புரண்டு நடிப்பார். பின்னாளில் ஒரு பெரிய ஸ்டுடியோவுக்கே முதலாளியாக இருந்து நடத்தியிருக்கிறார் என்று பாட்டி பெருமையோடு சொன்னார்.

அவர் பிறந்த ஜேம்ஸ்டவுன் இங்கிருந்து தூரமில்லை. அங்கே அவருக்கு மியூசியம் இருக்கிறது. பனி கரைந்ததும் பாட்டியை அழைத்துக்கொண்டு போவதாகப் பேசிவைத்திருக்கிறோம். பக்கத்து ஊர்ப் பூங்காவில் முதலில் வைத்த சிலை நன்றாக இல்லை என்று ஜனங்கள் சத்தம் போட்டு, 2016இல் புதிதாக ஒன்று வைத்தார்களாம். இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், எது லூசி மாதிரி இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

அதற்குள் தம்பி வந்தால் போனில் அந்தத் திராட்சைக் கதையைப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அதைப் பார்க்கப் பாஷை தேவையில்லை. மாமாவையும் உட்காரவையுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்