பூனையும் தோசைக்கல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், கர்ப்பிணிகளுக்கு வரும் டாக்ஸோபிளாஸ்மா தொற்று (பூனை மலத்தில் வெளிவரும் ஒரு ஒட்டுண்ணிக் கிருமியால் வருவது) பற்றி எழுதியிருந்தீர்கள். சரி, தேவையான விஷயம்தான். ஆனால் பக்கம் முழுக்கப் பூனைப் படம். அதைப் பார்த்துவிட்டு எத்தனை வீட்டுப் பூனைகளைக் கோணிப்பையில் கட்டினார்களோ!

எங்கள் வீட்டில் கட்டினார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளின் ரத்தப் பரிசோதனையில், இந்தத் தொற்றுக்கு 'ஐஜிஜி பாசிட்டிவ்' என்று இருந்தது. கிருமியை எதிர்க்க உடம்பில் ஊறும் எதிர்ப்பொருளில் அது ஒரு வகை. அன்று சாயங்காலமே என் மாமியார் ஆள் விட்டு, எட்டு வருடம் வளர்த்த பூனையை மீன் மார்க்கெட்டில் விட்டுவரச் செய்துவிட்டார். மறுநாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். புதிதாகத் தொற்றினால் முதலில் ஊறும் ஐஜிஎம் நெகட்டிவ், இது எப்போதோ வந்துபோன தொற்று, குழந்தைக்குப் பயமில்லை என்றார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது முதல் தடவையாகத் தொற்றினால்தான் கவலைப்பட வேண்டுமாம்.

இதே மாமியார்தான், "ரத்தம் ஊறும்" என்று ஆட்டுச் சுவரொட்டியை (மண்ணீரலை) தோசைக்கல்லில் லேசாக வாட்டி மகளுக்குக் கொடுத்தவர். பிட்டால் நடுவில் சிவப்பாகவே இருக்கும். அவரை மட்டும் சொல்வானேன்? கறி நறுக்கிய அரிவாள்மனையைத் தண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டு அதிலேயே வெள்ளரிக்காய் அரிந்தது நான். கோலா உருண்டைக்கு அரைத்த பச்சைக்கறியை நாக்கில் வைத்து உப்புப் பார்த்ததும் நான்தான்.

ஐரோப்பாவில் ஆறு நகரங்களின் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2000இல் வெளிவந்தது. அவர்களுக்கு வந்த தொற்றில், நகரத்துக்கு நகரம் மாறி, 30 முதல் 63 சதவீதம் சரியாக வேகாத அல்லது உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியால். 6 முதல் 17 சதவீதம் மண்ணால். பூனையோடு பழகியதால் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை.

பூனைக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாடவில்லை. கிருமி அதன் மலத்தில்தான் வெளிவருகிறது. ஆனால் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு தடவை, ஓரிரு வாரங்களுக்கு மட்டும். அதுவும் வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகே தொற்றும் நிலைக்கு வரும். தினமும் கர்ப்பிணியைத் தவிர வேறு யாராவது மலத்தை அள்ளிவிட்டால் போதும். மண்ணிலும் நீரிலும் கலந்துவிட்டால்தான் மாதக்கணக்கில் கிடக்கும். கோவையில் 2004-05இல் 248 பேருக்குக் கண்ணில் இந்தத் தொற்று வந்தபோது, சந்தேகம் விழுந்தது குடிநீர் மேல். கீரையை நாலு தண்ணீரில் அலசு, தண்ணீரைக் கொதிக்க வை என்று பெரியவர்கள் சொன்னதை நாம்தான் விட்டுவிட்டோம்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதினால், பூனைப் படத்துக்குப் பதில் ஒரு தோசைக்கல் படம் போடுங்கள். சுவரொட்டி கொடுக்கலாம், நடுவிலுள்ள சிவப்பு போகும்வரை வேகட்டும் என்று கீழே ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்